பார்க்கக் கூடாத கிட்டார்

“ஏளா ரோஸ்லின், நீ என்னத்துக்கு அதைப் பாத்தே? பாக்கக் கூடாதுன்னு மாஸ்டர் சொல்லிட்டுப் போயிருக்காருல்லா? காலைலயிருந்து நாங்க நாலு பேரும் பாக்காம இருந்ததெல்லாம் ஒரு நொடியில பாழாப் போச்சே.”

என் வீட்டுக்காரர் ஞானதிரவியம் சொன்னதை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் எழுதியிருக்கிறேன். சொல்லும்போது அவர் எங்கள் ஹால் சோபாவில், என் தலையணை உறை ஒன்றைக் கண்ணில் கட்டிக்கொண்டு, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் நின்றது அடுக்களைப் பக்கம். அவரை அடுத்து அவருடைய கூட்டாளிகள் மூன்று பேர், என்னுடைய மீதித் தலையணை உறைகளில். நடுவில் டீப்பாயின் மேல் ஒரு ஸ்டீல் கிட்டார் மல்லாந்து கிடந்தது. காப்பித் தட்டோடு வந்த நான் அதைப் பார்த்துவிட்டேன்.

“கண்ணைக் கட்டிக்கிட்டு இருக்கிற உங்களுக்கு நான் பாத்தது எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

நான்கு பேரும் யோசித்தார்கள். கேள்வியில் நியாயம் இருப்பது அவர்களுக்கே உறைத்தது.

“காப்பி கொட்டலியே மைனி,” என்றார் குணசீலன். “பாக்காம வந்திருந்தா டீப்பாய்ல முட்டிக் கொட்டியிருக்கும். கொட்டலைன்னா பாத்திருக்கீங்க.”

குணசீலன் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் படித்தவர்களில் சிலர் பிழைத்து நல்ல நிலைமைக்கு வந்திருக்கிறார்கள் என்று கேள்வி.

அன்றே ஒரு தீர்மானம் நிறைவேறியது. இனிமேல் ஹாலுக்குள் யார் வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் வர வேண்டும். மறுநாள் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடமும் அதைச் சொன்னார்கள். அவர் மரியாதை தெரிந்த ஆள், கண்ணை மூடிக்கொண்டே வந்து, சிலிண்டரைக் கூட்டாளிகளில் ஒருவரான எப்ரேமின் கால்மேல் இறக்கினார்.

இது எங்கே ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மகள் பெனிட்டாவுக்கு மார்த்தாண்டத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் பெயர் ஆஸ்பின். இரண்டு பேரும் சென்னையில் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். சம்பந்தம் எப்படி இவ்வளவு சரியாக வந்து அமைந்தது என்று என் வீட்டுக்காரர் இன்றுவரை கர்த்தரைத் துதித்துக்கொண்டிருக்கிறார். நான் என் மகளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

எல்லாம் நல்ல இடம்தான். பையனுடைய அப்பா ராஜநாயகம் மட்டும் கொஞ்சம் கெடுபிடி. பொய் சொல்கிற வீட்டில் கை நனைக்க மாட்டார். மூத்த மகனுக்கு ஏறக்குறைய முடிந்துவிட்ட சம்பந்தம் ஒன்றை, கடையில் வாங்கிய முந்திரிக்கொத்துப் பலகாரத்தை வீட்டில் செய்தது என்று பெண்ணின் அம்மா சொன்னதற்காக, வாயில் இருந்த முந்திரிக்கொத்தைத் துப்பிவிட்டு எழுந்து போய்விட்டவர்.

இப்படிப்பட்ட மனிதர் போனில் இவரிடம், “ரிட்டயர் ஆயாச்சே, பொழுது எப்படிப் போகுது?” என்று கேட்டார். சாய்வு நாற்காலியில் போகிறது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நேரம் பார்த்து ரேடியோவில் யாரோ ஸ்டீல் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஸ்டீல் கிட்டார் வாசிப்பேன்,” என்றார் இவர்.

“அப்படியா சம்பந்தி, எனக்கு அந்தச் சத்தம்னா உயிரு. நிச்சயதார்த்தத்தன்னைக்கு ஒரு பாட்டு வாசிச்சிருங்க. அது முடிஞ்சதும் மோதிரம் மாத்திக்கலாம்.”

அன்று சாயங்காலம் பெனிட்டா எனக்குப் போன் செய்தாள். “அம்மா, அப்பாவுக்குக் கிட்டார் தெரியுமா?”

“பாத்தா இன்னதுன்னு தெரியும்.”

“விளையாடாதீங்கம்மா. அவங்க அப்பா முந்திரிக்கொத்துக்கே எழுந்து போனவரு. எப்படியாவது கத்துக்கச் சொல்லுங்க.” குரல் உடைந்திருந்தது.

கிட்டார் வந்தது. கிட்டாரோடு கூட்டாளிகளும் வந்தார்கள். இவர்கள் நான்கு பேரும் எதையும் தனியாகச் செய்ததில்லை. கண் ஆபரேஷனுக்குக்கூட ஒரே நாளில்தான் போய்ப் படுத்தார்கள். குணசீலனைச் சொல்லிவிட்டேன். எப்ரேம், பஸ் டிப்போவில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவர். மூத்தவர் பாக்கியமுத்து அண்ணாச்சி, தாலுகா ஆபீசில் இருந்தவர், காதில் மெஷின் வைத்திருக்கிறார். ஒரு கிட்டாருக்கு நான்கு பேர் எதற்கு என்று கேட்டேன். “ஆறு கம்பி இருக்குல்லா,” என்றார்கள். இன்னும் இரண்டு பேரைத் தேடாமல் விட்டார்களே என்று காப்பி போடப் போய்விட்டேன்.

சொல்லித்தர லூர்து மாஸ்டர் வந்தார். கச்சேரிக் குழுக்களில் வாசித்த நல்ல மனுஷன். ஸ்டீல் கிட்டார் மற்ற கிட்டார் மாதிரி மார்பில் அணைத்து வாசிப்பது இல்லை. மடியில் மல்லாத்திப் போட்டு, இடது கையில் ஓர் இரும்பு உருளையைப் பிடித்துக் கம்பிகளின் மேல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், வலது கையால் மீட்ட வேண்டும். கம்பிகளுக்குக் கீழே பலகையில் குறுக்குக் கோடுகள் உண்டு. இவர்கள் நான்கு பேரும் மூக்கு இடிக்க அந்தக் கோடுகளைக் குனிந்து பார்த்தபடி உருளையைத் தள்ளினார்கள். மாஸ்டர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

“கோட்டைப் பாக்காதீங்க ஐயா. பாக்காம வாசிச்சுப் பழகுங்க. எங்க நிறுத்தணும்னு காது சொல்லும்,” என்றார்.

அந்த நேரம் பெங்களூரிலிருந்து போன், அவருடைய மகளுக்குப் பிரசவ வலி. மாஸ்டர் ரயிலுக்கு ஓடினார். இவர்களிடம் மிஞ்சியது அந்த வாக்கியம்தான்.

போன் போட்டு விவரம் கேளுங்கள் என்றேன். “உத்தரவு தெளிவா இருக்கு,” என்றார் பாக்கியமுத்து அண்ணாச்சி. “தெளிவா இருக்கிற உத்தரவுக்கு விளக்கம் கேட்டா அது மேலதிகாரிய அவமதிக்கிறது.”

முதலில் தலையைத் திருப்பிக்கொண்டு வாசித்தார்கள். நான்கு பேரும் சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்தார்கள். இரண்டாம் நாள் நான்கு பேருடைய கழுத்தும் காலண்டர் பக்கமே நின்றுவிட்டது. தைலம் தேய்த்துவிடச் சொல்லி வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். அவரவர் வீட்டில் தேய்க்க ஆள் இருக்கிறது என்று அனுப்பிவைத்தேன்.

பிறகு அண்ணாச்சி ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். “கிட்டாரைக் கண்ணாடியில பாத்தா, அது கிட்டாரைப் பாத்ததா, கண்ணாடியப் பாத்ததா?”

“கண்ணாடியத்தான் பாக்கோம்,” என்றார் எப்ரேம்.

“கண்ணாடியப் பாக்கக் கூடாதுன்னு மாஸ்டர் சொல்லலியே,” என்றார் இவர்.

என் அலமாரிக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டுவந்து எதிரே நிறுத்தினார்கள். கண்ணாடியில் இடது வலதாகத் தெரியும் என்பதை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. இவர் உருளையைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுபோகிறேன் என்று எதிர்ப்பக்கம் தள்ளித் தள்ளி, கிட்டாரின் எல்லையைக் கடந்து, எப்ரேமின் கால்மேல் போட்டார். அது சிலிண்டருக்கு முந்திய காயம்.

அதன்பிறகுதான் என் தலையணை உறைகள் போயின. கண்ணைக் கட்டினால் போதாதாம், ஒழுங்காகக் கட்டியிருக்கிறதா என்று பரீட்சை வேறு. அண்ணாச்சி குணசீலன் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார்.

“எத்தனை விரல்?”

“ரெண்டு.”

ரெண்டுதான்.

“உமக்குத் தெரியுதுல்லா வே,” என்றார் அண்ணாச்சி வருத்தத்தோடு.

“சத்தியமாத் தெரியல அண்ணாச்சி, குத்துமதிப்பாச் சொன்னேன்.”

“குத்துமதிப்பாச் சொன்னா எப்படி வே சரியா வரும்? முப்பது வருஷம் கணக்கு சொல்லிக் கொடுத்தவரு நீரு.”

குணசீலன், தான் பார்த்திருக்கத்தான் வேண்டும் என்று ஒப்புக்கொண்டு, இன்னொரு உறையையும் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். இதெல்லாம் நடக்கும்போது விரலை நீட்டியவர் உட்பட நான்கு பேருடைய கண்ணும் கட்டித்தான் இருந்தது. அண்ணாச்சி தான் நீட்டியது ரெண்டு விரல் என்பதைத் தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டார்.

அடுத்தது காது. காது சொல்லும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தாரே, அது எப்போது சொல்லும் என்று கிட்டாரைத் தொடாமல் காத்திருந்தார்கள். ஒரு முழுக் காலை நேரம் வீடு அமைதியாக இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கு வாய்த்த நல்ல காலைகளில் அதுவும் ஒன்று.

“எனக்கு இன்னும் ஒண்ணும் சொல்லல,” என்றார் இவர்.

“எனக்கு மைனி குக்கர் வச்சிருக்கது மட்டும் சொல்லுது,” என்றார் எப்ரேம்.

அப்போதுதான் பாக்கியமுத்து அண்ணாச்சியின் காதிலிருந்து ‘உய்ய்ங்ங்’ என்று ஒரு சத்தம் கிளம்பியது. மெஷின் சரியாகப் பொருந்தாவிட்டால் அது அப்படித்தான் விசில் அடிக்கும். ஊரில் எல்லோருக்கும் கேட்கும், அவருக்கு மட்டும் கேட்காது. மூன்று பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

“அண்ணாச்சி, உங்க காது சொல்லிட்டு,” என்றார் இவர்.

“என்ன சொல்லிச்சு?” என்றார் அண்ணாச்சி.

அந்த விசிலோடு ஒத்துப்போகும்வரை உருளையை நகர்த்தினார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும், ஒத்துப்போயிற்று. அந்த ஒரு சுரம் மட்டும் அச்சு அசலாக வந்தது. நான்கு பேருக்கும் கண்ணீர், தலையணை உறை நனைந்துவிட்டது. ஒரு சுரத்தை வைத்துக்கொண்டு எப்படிப் பாட்டு வாசிப்பது என்று கேட்டேன்.

“எந்தப் பாட்டானாலும் அந்தச் சுரம் எங்கயாவது ஒரு இடத்துல வரத்தான செய்யும் மைனி,” என்றார் குணசீலன். “அது வரும்போது வாசிச்சுக்கிடுவோம்.”

மீதிச் சுரங்களுக்கு எப்ரேம் ஒரு வழி சொன்னார். “பஸ்ஸைப் பின்னால எடுக்கும்போது டிரைவரா பாக்காரு? கண்டக்டர்தான பாக்காரு? அதே மாதிரி ஞானதிரவியம் பாக்காம வாசிக்கட்டும், நான் வாசிக்காமப் பாக்கேன்.”

அன்று முழுவதும் எங்கள் ஹால் டிப்போவாக இருந்தது. “வரலாம், வரலாம், இன்னும் வரலாம், லேசா ஒடிச்சு, அப்படியே நேரா வரலாம், வரலாம், ஹோல்டான்.” டொய்ங். “கொஞ்சம் முன்ன போயி மறுபடியும் வரலாம்.” டொய்ங். எதிர் வீட்டுக்காரர் வெளியே ஓடிவந்து தன் காரை ஓரமாக எடுத்து நிறுத்தினார்.

சாயங்காலம் குணசீலன் அதையும் நிறுத்தினார். “நாலு பேரும் சேந்துதான வாசிக்கோம்? அப்போ நாலு பேரும் ஒரு ஆளு. அதுல எப்ரேம் பாத்தா நம்ம பாத்த மாதிரிதான.” எப்ரேம் தலை குனிந்து மறுபடியும் கண்ணைக் கட்டிக்கொண்டார். கட்டும்போது டீப்பாயில் காலை இடித்துக்கொண்டார்.

நிச்சயதார்த்தம் நெருங்கிவிட்டது. பெனிட்டா தினமும் போனில் கேட்டாள். நான் தினமும் “பாக்காம வாசிக்கிறாங்க” என்று பதில் சொன்னேன். அவள் அதைத் தேர்ச்சி என்று எடுத்துக்கொண்டாள்.

கடைசியில் இவருக்கே ஒரு யோசனை உதித்தது. இத்தனை கண்களை மறைப்பதைவிட ஒரு கிட்டாரை மறைப்பது சுலபம் அல்லவா? என்னிடம் மிச்சம் கிடந்த வெல்வெட் திரைச்சீலையை எடுத்து, கிட்டாருக்கு ஒரு போர்வை தைத்துக் கொடுக்கச் சொன்னார். தைத்துக் கொடுத்தேன். நல்ல கனமான துணி. கம்பிகளின் மேல் இறுகப் படிந்து கிடந்தது. நான்கு பக்கமும் கை நுழைய இடம் விட்டிருந்தேன். நான்கு பேரும் கையை உள்ளே விட்டு வாசித்தார்கள்.

சத்தமே வரவில்லை.

அவர்கள் வாசித்து முடித்து, போர்வையிலிருந்து கையை எடுத்து, ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“தப்பே வரல,” என்றார் இவர், நம்ப முடியாமல்.

“ஒரு இடத்துலகூட வரல,” என்றார் எப்ரேம்.

“சத்தமும் வரலியே அத்தான்,” என்றேன்.

“சத்தம் வந்தப்பல்லாம் தப்பும் வந்துச்சு மைனி,” என்றார் குணசீலன் பொறுமையாக, பின்பெஞ்சுக்காரிக்குச் சொல்வதுபோல. “இப்ப ரெண்டும் வரல. அப்ப எது முன்னேற்றம்?”

ஒரே ஒரு சிக்கல் மட்டும் மிச்சம் இருந்தது. பாட்டு எங்கே முடிகிறது என்று எப்படித் தெரியும்? அதற்கும் மாஸ்டர் வழி சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார், எங்கே நிறுத்த வேண்டும் என்று காது சொல்லும். ஆகவே பாக்கியமுத்து அண்ணாச்சியின் காது ‘உய்ய்ங்’ என்றால் பாட்டு முடிந்தது, எல்லோரும் கையை எடுத்துவிட வேண்டும் என்று தீர்மானித்தார்கள். ஒத்திகையில் அது பிசகாமல் நடந்தது. அன்று பெனிட்டாவிடம், “அப்பா இப்ப தப்பே இல்லாம வாசிக்கிறார்” என்றேன். அவள் போனில் அழுதாள். நான் சொன்னது பொய் இல்லை. ராஜநாயகமே வந்து விசாரித்தாலும் இல்லை.

நிச்சயதார்த்தம் சர்ச் பக்கத்து ஹாலில் நடந்தது. மார்த்தாண்டத்திலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள். ராஜநாயகம் வெள்ளைச் சட்டையில் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும், நடுவில் பாஸ்டர் ஐயா, மேஜைமேல் மோதிரப் பெட்டி. ஒரு பக்கம் வெல்வெட் போர்வைக்குள் கிட்டார், சுற்றி என் வீட்டுக்காரரும் மூன்று மேதைகளும். பின்பக்கம் பிரியாணி அண்டாவின் மூடியை அப்போதுதான் திறந்திருந்தார்கள். எனக்கு அந்த வாசனைகூட ஏறவில்லை. போர்வையை எடுத்துவிட்டு ஒரு தடவை வாசியுங்கள் சம்பந்தி என்று அந்த மனிதர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் மகள் கதை முந்திரிக்கொத்துக் கதைதான்.

இவர் மைக்கைப் பிடித்தார்.

“ஒரு சின்ன விண்ணப்பம். இதை யாரும் பாக்கக் கூடாது. எல்லாரும் தயவுசெய்து கண்களை மூடிக்கொள்வோமா?”

எங்கள் சபையில் மைக்கில் யாராவது ‘கண்களை மூடிக்கொள்வோமா’ என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த நிமிடமே ஹால் முழுவதும் தலைகள் தாழ்ந்தன. பெண்கள் முந்தானையை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டார்கள். சிலர் செருப்பைக் கழற்றினார்கள். பாஸ்டர் ஐயா கைகளைக் கோத்துக்கொண்டார். போட்டோகிராபர் கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டார். பிரியாணிக்காரர் கரண்டியைப் பிடித்தபடி கண்ணை மூடினார். பெண்ணின் தகப்பன் ஜெபிக்கப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

இவர்கள் நான்கு பேரும் கண்ணை மூடிக்கொண்டு, கையைப் போர்வைக்குள் விட்டு, வாசிக்கத் தொடங்கினார்கள்.

ஊசி விழுந்தால் கேட்கும். அப்படி ஓர் அமைதியை நான் எந்த ஆராதனையிலும் கண்டதில்லை. நான் கான்வென்டில் படித்தவள், ஜெபத்தில் ஒரு கண்ணை லேசாகத் திறந்து வைத்துக்கொள்ள அங்கேதான் கற்றேன். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் போயிற்று. ராஜநாயகம் குனிந்த தலையோடு மனைவியிடம் கிசுகிசுப்பது கேட்டது.

“பாட்டுக்கு முன்னால இவ்வளவு நேரம் மௌனமா ஜெபிக்காரு. வெளிவேஷமே இல்லாத மனுஷன். பொய் சொல்லத் தெரியாத வீடு இது.”

அந்த அம்மாள் மூக்கை உறிஞ்சினார்.

மேடையில் ஆஸ்பின் ஒரு கண்ணைத் திறந்தான். பெனிட்டாவும் ஒரு கண்ணைத் திறந்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பொறுமை குறைவு. எழுந்து மேடைக்குப் போய், பாஸ்டர் ஐயா முன்னால் இருந்த மோதிரப் பெட்டியைத் திறந்து நீட்டினேன்.

“அம்மா, எல்லாரும் கண்ணை மூடியிருக்கும்போது இது சரியா?” என்று முணுமுணுத்தாள்.

“பாக்கக் கூடாதுன்னு அப்பா சொன்னது கிட்டாரை. போடு.”

போட்டுக்கொண்டார்கள். சரியான விரலில்தானா என்று நானே பார்த்துக்கொண்டேன். உடனே பிரியாணி வாசனை ஏறியது.

ஆனால் ஹாலில் ஒரு தலையும் நிமிரவில்லை. பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. பாஸ்டர் ஐயாவிடம் குனிந்து, “ஐயா, ஆமென் சொல்லி முடிச்சிருங்களேன்,” என்றேன்.

“ஆரம்பிச்சவர்தாம்மா முடிக்கணும்,” என்றார் அவர் கண்ணைத் திறக்காமல்.

ஆரம்பித்தவரிடம் போனேன். “அத்தான், போதும், முடிங்க.”

“பாட்டு முடியலியே ரோஸ்லின்.”

“எப்ப முடியும்?”

“அண்ணாச்சி காது சொல்லணும்லா.”

அண்ணாச்சியின் காதைப் பார்த்தேன். காலியாக இருந்தது. சம்பந்தக்காரர்கள் கூடியிருக்கும் சபையில் விசில் அடிப்பது மரியாதையில்லை என்று அவர் வீட்டம்மா காலையிலேயே சொல்லி அனுப்பியதால், மெஷினைக் கழற்றிப் பத்திரமாக எங்கேயோ வைத்துவிட்டாராம். இதை எப்ரேம் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். எங்கே வைத்தார் என்பது எப்ரேமுக்குத் தெரியாது, குணசீலனுக்கும் தெரியாது. அண்ணாச்சி ஒருவருக்குத்தான் தெரியும். அவர் கண்ணை இறுக மூடி, முகமெல்லாம் பூரிப்பாக, போர்வைக்குள் மீட்டிக்கொண்டிருந்தார்.

நான் அவர் காதுக்கு நேரே குனிந்தேன்.

“அண்ணாச்சி, உங்க காது மெஷினை எங்க வச்சிருக்கீங்கன்னு கொஞ்சம் சொல்லுங்க.”